சாபத் தேங்காயில் அரைத்த சம்பல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். எந்த இடத்தில் எந்த 'ல' வரும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மூத்த மகள் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். "எழுத்த திருத்து புள்ள, நடந்தத திருத்தாத" என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எழுதப்போவது ஓர் அக்காவைப் பற்றி. எனக்கு உறவு இல்லை. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தில், எங்களுக்கு அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர். போன மாதம் கஹவத்தையில், மகள் வீட்டில் காலமானார். செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயா அவர் குடும்பத்துக்காக ஜெபித்தார். கோயிலை விட்டு வெளியே வந்ததும், புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், "யாருங்க அவங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், "அதான் நம்ம தண்ணிப்பால் அக்கா" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெயர் பொய். அந்தப் பொய் வந்தது என்னால்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கழுவிய எதையும் கவிழ்த்துத்தான் வைப்பார். சட்டி, தேத்தண்ணிக் கோப்பை, குளிக்கிற வாளி, எதுவானாலும் சரி. அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் நிமிர்ந்திருந்தாலும் போகிற போக்கில் கவிழ்த்துவிட்டுப் போவார். ஒரு தடவை என் மனைவி கழுவிய சோற்றுச் சட்டியை அப்படியே வைத்திருந்ததைப் பார்த்து, "ஏன் புள்ள, பல்லி குளிக்க தொட்டி கட்டி விட்டிருக்கியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் எல்லாம் கவிழ்ந்தே கிடக்கின்றன.

இன்னொன்று அவருடைய கை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது சுலபமான வேலை இல்லை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். பிறகு அந்த இடம் முண்டு முண்டாகத் தடித்துவிடும். மேலோடு போனால் பால் வராது. அக்கா வெட்டிய மரங்களில் காயமே இருக்காது. தடவிப் பார்த்தால் பாய் நெய்தது போல ஒரே சீராக இருக்கும். புதிதாகப் பால் வெட்ட வருகிறவர்களைக் கணக்கப்பிள்ளையே அவர் பங்கு மரங்கள் இருக்கிற மலைக்குக் கூட்டிப்போய், "இங்க பாரு, இதுதான் வெட்டு" என்று காட்டுவார். அக்காவின் புருஷன் மரக்கொம்பு முறிந்து விழுந்து செத்துப்போனவர். ஒரே மகளை அந்தக் கத்தியால்தான் அக்கா வளர்த்தார்.

1994இல் எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி மூன்று மாதம். பால் கேன்களைக் கழுவுவதும், காலையில் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொருவரின் மலை முகப்பிலும் இறக்கி வைப்பதும் என் வேலை. விடியற்காலையில் மரத்தை வெட்டி விடுவார்கள். பால் சிரட்டையில் சொட்டி நிறைந்ததும் வாளியில் சேர்த்து, வாளியிலிருந்து கேனில் ஊற்றுவார்கள். பகலில் கேன்கள் எல்லாம் பால் சேர்க்கிற கொட்டகையான மடுவத்துக்கு வரும். அங்கே ஒரு கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்க விட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் அதை மீட்டர் என்போம். நல்ல பாலில் அது உள்ளே இறங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி நிற்கும்.

மற்றவர்களின் கேன்களை நான் கழுவுவேன். அக்கா மட்டும் தன் கேனைத் தானே பீலியில், மலைத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில், கழுவி, அங்கேயே ஒரு கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அவருக்குக் கடுமையான காய்ச்சல். பாலைக் கொடுத்துவிட்டுக் கேனைக் கழுவாமலே வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் நான் பார்த்தபோது கேனின் உள்ளே பால் காய்ந்து தோல் போல ஒட்டியிருந்தது. ஊறினால் உரிந்து வரும் என்று நினைத்து, கால் கேன் அளவு தண்ணீர் விட்டு, மூடி போட்டு, அவருடைய பீலிக் கல்லின் மேலேயே வைத்தேன். உதவிதான் செய்தேன். காலையில் கொட்டிவிடலாம் என்று இருந்தேன்.

காலையில் மறந்துவிட்டேன். தூறல் வேறு. எல்லாக் கேனோடும் அதையும் ஏற்றிக்கொண்டு போய் அக்காவின் மலையில் இறக்கினேன். தூக்கும்போது கனம் தெரிந்திருக்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கு அன்றைக்கு மனம் கேனில் இல்லை. அக்காவும் காய்ச்சல் முழுதாக விடாமல் வந்திருந்தார். குறுகிய வாய்க் கேன். உள்ளே பார்க்காமல் பாலை ஊற்றிவிட்டார்.

மடுவத்தில் மீட்டர் மேலே எழும்பி நின்றது. கணக்கப்பிள்ளை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"என்னா இது? பாலா, மோரா?"

"பாலுதாங்க ஐயா."

"பீலித் தண்ணிய ஊத்திட்டு வந்து பாலுங்கிறியா? இத்தன வருசமா இப்படித்தான் ஏமாத்துனியா?"

"நான் ஊத்தலைங்க. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலைங்க."

"அப்ப பாலு தாகம் எடுத்து தானா தண்ணி குடிச்சிருச்சோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கழுவும் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு மூன்று முழம் தள்ளி நின்றேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. 'ஐயா, அது நான் ஊற விட்ட தண்ணீர்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு திட்டு விழும், மிஞ்சிப்போனால் வேலை போகும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டில் என் பெயரைக் கூப்பிட்டால்கூட வாய்க்குள்ளேயே "ம்" என்கிறவன் நான். அத்தனை பேர் முன்னால் என் வாய் திறக்கவில்லை.

கணக்கப்பிள்ளை கையை நீட்டி, "கத்திய குடு. நாளையிலருந்து புல்லுவெட்டு" என்றார்.

அக்கா கத்தியைச் சேலைத் தலைப்பில் இரண்டு பக்கமும் துடைத்து, பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தார். "எடுத்துக்குங்க ஐயா. என் வழக்க நான் ஆண்டவருகிட்ட குடுத்துட்டேன். அவரு பாத்துக்குவாரு."

"குடு, குடு. அவரு வந்து மீட்டர் போட்டுப் பாக்கட்டும்."

அன்று சாயங்காலத்துக்குள்ளேயே 'தண்ணிப்பால்' என்ற பெயர் எல்லா லயத்துக்கும் போய்விட்டது.

ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அக்கா சொன்னது கணக்கப்பிள்ளையைத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரமே பக்கத்துக் காம்பராக்காரி, லயத்தில் அக்காவுக்கு அடுத்த அறையில் இருப்பவள், ஒரு தேங்காயோடு வந்தாள். கோபக்காரி, ஆனால் அக்காவின் மேல் உயிர். மஞ்சள் பூசி, கர்ப்பூரமும் கையோடு கொண்டுவந்திருந்தாள். "வாக்கா, மாரியம்மன் கோயிலுக்கு. 'எவன் தண்ணி ஊத்துனானோ அவன் தல இப்படி செதறணும்'னு சொல்லி ஒடைச்சிட்டு வருவோம். தொண்ணூறு நாள்ல ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்."

"நான் வேதக்காரிடி."

"நீ ஒடைக்க வேணாம். ஒனக்கு பதிலா நான் ஒடைக்கிறேன். ஒங்க சாமி அவரு பாட்டுக்கு பாக்கட்டும், எங்க அம்மாவும் பாக்கட்டும்."

எங்களோடு வேலை செய்கிற கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தியும் அங்கே இருந்தாள். "எஹெம தமய் அக்கே! தெய்யோ பலாகனி!" என்று அவளும் தலையாட்டினாள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவள் பாஷையிலும் அதே சொல்தான்.

நான் விறகுக் கட்டோடு வாசலில் நின்றிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், என் கை தானாகத் தலைக்குப் போய்விட்டது.

அக்கா தேங்காயை வாங்கினார். விரலால் தட்டினார். காதோரம் வைத்து ஆட்டினார். "நல்ல முத்துன காயி. இத ஏன்டி கல்லுல அடிச்சு வீணாக்குற?" என்று மஞ்சளைக் கழுவிவிட்டு, கத்தி முதுகால் உடைத்து, துருவி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்தார். தேசிக்காய் பிழிந்தார். ரொட்டி சுட்டு எல்லோருக்கும் கொடுத்தார்.

"இந்தாங்க, ஒங்க சாபத்த நீங்களே தின்னுங்க."

பக்கத்துக் காம்பராக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒனக்கு ரோசமே இல்லையாக்கா?"

"இருக்குடி. நெறைய இருக்கு. அதான் அவருகிட்ட குடுத்துட்டேன். என் கையில வச்சிருந்தா நான் யாரையாச்சும் வெட்டிப்புடுவேன்." கொஞ்ச நேரம் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "தீர்ப்பு சொல்ற கதிரை அவருது. நான் ஏறி ஒக்காந்தா கால் எட்டாம தொங்கும்."

எனக்கும் ஒரு ரொட்டி நீட்டினார். "சாப்புடு தம்பி. என்ன, மூஞ்சி இப்படி செவந்துருச்சு? சம்பல் ஒனக்குத்தான் ரொம்ப ஒறைக்குது போல."

என் தலைக்கு வந்த தேங்காயை நான் ரொட்டியோடு தின்றேன். ருசியாக இருந்தது என்பதுதான் வெட்கம்.

அக்கா வலி தெரியாத மனுஷி இல்லை. அவர் மலையை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அவள் கை பழகாத கை. ஒரு நாள் நான் வண்டியோடு வரும்போது, அக்கா புல்வெட்டுகிற மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மரத்தின் முன்னால் நின்றிருந்தார். பட்டை கிழிந்து உள்மரம் தெரிந்தது. அந்தக் காயத்தின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார், குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல. என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட்டை கடிச்சிருச்சு தம்பி" என்றார். அட்டை கடித்து அழுகிறவரா அவர்?

வருஷங்கள் போயின. பிரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் வாசிக்கும்போது அவரை மட்டும் "தண்ணிப்பால்!" என்றுதான் கூப்பிடுவார். அக்கா தெளிவாக, "வந்திருக்கேங்க" என்பார். ஏன் அந்தப் பெயருக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்டாள்.

"இது சின்ன பெரட்டு. மேல ஒரு பெரிய பெரட்டு இருக்கு. அன்னிக்கு அவரு எம் பேர சரியா கூப்புடுவாரு. அதுவரைக்கும் நான் வேலைக்கு வந்தேன்னு தெரிஞ்சா போதும்."

"எப்பத்தான் பாத்துக்குவாரு ஒங்க ஆண்டவரு? வருசம் அஞ்சாச்சே!"

"அவருக்கென்ன நம்ம தோட்டம் ஒண்ணுதானா? எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போயி வரணும்ல?"

ஆறாம் வருஷம் கணக்கப்பிள்ளைக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்து, வாய் கோணிப் போனது. வேலையை விட்டு, தெஹியோவிட்ட ரோட்டில் இருக்கிற தன் வீட்டோடு இருந்துவிட்டார். தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. பக்கத்துக் காம்பராக்காரி ஓடிவந்து, "பாத்தியாக்கா, ஒங்க ஆண்டவரு குடுத்துட்டாரு!" என்றாள்.

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வாய மூடு! இது வியாதி. வியாதிய தீர்ப்புன்னு சொன்னா எம் புருசன் மேல மரம் விழுந்தது எதுக்குடி தீர்ப்பு? அந்த மனுசன் யாரு குடிய கெடுத்தாரு? சொல்லு!" அக்கா அன்றைக்கே கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளை வீட்டுக்கு நடந்தார். பிறகும் பல தடவை போனார்.

அதுவரை என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் எனக்கான தீர்ப்பு வந்துவிட்டது என்று நடுங்கியவன் நான். அக்கா சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த ஆறுதலிலேயே இன்னும் நான்கு வருஷம் வாய் திறக்காமல் ஓட்டிவிட்டேன்.

2004இல் அக்காவுக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. கஹவத்தையில் கட்டிக்கொடுத்த மகள் வந்து கூப்பிட்டாள். அந்த மாதம் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. அவரவர் தோட்டத்தில் விளைந்த பலாக்காய், மரவள்ளி, தேங்காய் எல்லாம் கொண்டுவந்து படைத்து, விரும்புகிறவர்கள் எழுந்து சாட்சி சொல்கிற நாள். கோயிலுக்குக் கிளம்பும்போது என் இளைய மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

"அப்பா, தண்ணிப்பால் அத்தை போனா திரும்பி வர மாட்டாங்களா?"

"அது அவங்க பேரு இல்ல."

"பின்ன என்னா பேரு?"

என் பிள்ளைக்கு வேறு பெயர் தெரியாது. கேலிக்காகச் சொல்லவில்லை, அதுதான் பெயர் என்று நினைத்துப் பாசமாகச் சொல்கிறாள். அக்கா இந்தத் தோட்டத்தை விட்டுப் போனால் இங்கே மிஞ்சப்போவது அந்தப் பெயர் மட்டும்தான்.

சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. போதகர் ஐயாவே ஆச்சரியமாகப் பார்த்தார். முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முதலில் அக்காவின் முழுப் பெயரைச் சொன்னேன். மூத்தவர் பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்று சத்தமாகச் சொன்னேன். "அவங்க பால்ல தண்ணி ஊத்தல. அந்த தண்ணி நான் கேன் ஊற வச்ச தண்ணி. கொட்ட மறந்துட்டேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். பயந்துகிட்டு பத்து வருசமா சொல்லல." அவ்வளவுதான். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகே உட்கார்ந்தேன்.

வெளியே பலாக்காய்கள் அடுக்கியிருந்த இடத்தில் அக்கா எனக்காக நின்றிருந்தார். நான் காலில் விழப்போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும் தம்பி."

"எப்பலருந்துக்கா?"

"மறுநாளே. காலையில என் கேன் கல்லு மேல நிமிந்து இருந்துச்சுன்னு பீலிக்கு தண்ணிக்குப் போன புள்ள ஒண்ணு சொல்லிச்சு. நான் நிமித்தி வைக்கிறவளா? நீதான்னு புரிஞ்சிகிட்டேன். சம்பல தின்னயில ஒன் மூஞ்சியும் சொல்லிச்சு."

"ஏன்க்கா சொல்லல?"

"நான் சொன்னா அது என் வாய். யாரு நம்புவா? ஒன் வேலையும் போயிருக்கும். ஒன் பொஞ்சாதி கல்யாணம் முடிச்சு வந்து அப்ப மூணு மாசம்." என் மனைவியைப் பார்த்தார். "நான் ஆண்டவருகிட்ட ரெண்டு பேர குடுத்தேன். ஒண்ணு கணக்கப்புள்ள, ஒண்ணு நீ."

"எனக்கு என்ன கேட்டீங்க?"

"ஒனக்கு வாய குடுங்கன்னு கேட்டேன். பத்து வருசம் எடுத்துகிட்டாரு. ஒன் வாய் அவ்வளவு இறுக்கம் போல, அவருக்கே கஷ்டமா போச்சு."

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, இப்பவே கணக்கப்புள்ள வீட்டுக்குப் போவோம். அவரும் தப்பான தீர்ப்ப இத்தன வருசம் சொமந்துகிட்டு கெடக்காரு. தனியா போனா நீ வாசல்லயே நின்னுகிட்டிருப்ப" என்றார்.

கணக்கப்பிள்ளை சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் சொல்லச் சொல்ல என்னைப் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சு பாதிதான் வரும். இடது கையை மெதுவாகத் தூக்கினார். "கத்தி…" என்றார். அவர் மனைவிக்கு விளங்கவில்லை. "அவளுக்கு… கத்திய குடுக்கச் சொல்லு." அக்கா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, "நீங்க கஞ்சி குடிச்சீங்களா ஐயா?" என்று கேட்டார்.

புதுக் கணக்கப்பிள்ளை நல்ல மனிதர். பழையவர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லவும், அக்கா கஹவத்தைக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு காலை அவருடைய பழைய மலையில் பால் வெட்ட இடம் கொடுத்தார். பிரட்டில் அவர் பெயரைச் சரியாக வாசித்தார். பதில் வரவில்லை. பத்து வருஷமாகக் கேட்காத பெயர், அக்காவுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, "வந்திருக்கேங்க" என்றார்.

அன்று அவர் கேனை நான் வண்டியில் ஏற்றவில்லை. கவிழ்த்துப் பிடித்தபடி கையில் தூக்கிக்கொண்டு போனேன். அக்காவுக்குக் கண் மங்கியிருந்தது. ஒவ்வொரு மரத்தையும் முதலில் விரலால் தடவிப் பார்த்து, பிறகு வெட்டினார். ஒரு மரத்திலும் காயம் இல்லை.

பகலில் மடுவத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கூடி நின்றார்கள். அக்காவின் பாலைப் பெரிய வாளியில் ஊற்றி, மீட்டரை விட்டார்கள். அது நேராக உள்ளே இறங்கி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா கூட்டத்தில் இல்லை. தூரத்தில் பீலியில் கேனைக் கழுவிக்கொண்டிருந்தார். மீட்டரைப் பார்க்கவே அவர் வரவில்லை. நான் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கத்தியதில்லை.

"அக்கா! நல்ல பாலு! நல்ல பாலுக்கா!"

"தெரியும் தம்பி," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஓடியா. இந்தக் கேன கவுத்து வையி."

எழுதி முடித்தது: 2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு.